பின்சீட்டில் படுத்துப் போனவள்

பொன்னுதுரை முதலாளி அழுத அழகைப் பார்த்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அப்போதுதான் விடிந்திருந்தது. மனுஷன் சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, தலைக்கு வாசனைத் தைலம் என்று கோயிலுக்குக் கிளம்புகிற கோலத்தில் தூத்துக்குடியில் தன் வீட்டு வாசலில் நின்று அழுதார். கண்ணைத் துடைத்த கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு வாரமாகப் பெண்டாட்டியைக் காணாமல் தவிக்கிறவன் முகச்சவரத்தையாவது மறந்திருக்க மாட்டானா? இதற்கு மேல் அந்த ஆளுக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனசில்லை. இனி அவன் என்றே சொல்கிறேன்.

என் பெயர் வெள்ளத்துரை. துப்பறியும் ஆக்னஸ் அக்காவுக்கு டிரைவர், எடுபிடி, வசவு வாங்க ஆள் எல்லாம் நான்தான். அக்கா முன்பு தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க இலாகாவில் இருந்தவள். கப்பலில் வந்து இறங்கும் பெண்களின் பெட்டியையும் கூடையையும் சோதனை போடுகிற உத்தியோகம். எந்தப் பெட்டியில் எது அடங்கும், எது அடங்காது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஒரு பெரிய அதிகாரியின் மைத்துனி கொண்டுவந்த பலகாரக் கூடைக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னாள், வேலை போயிற்று. அன்றிலிருந்து கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு மாடி அறையும் துப்பறிகிற தொழிலும்.

எங்களை அங்கே கூட்டி வந்தவள் ஜெயபாய், சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட டீச்சர். காணாமல் போனது அவளுடைய அக்காள் தேவகனி. பொன்னுதுரையின் மனைவி.

பொன்னுதுரை சொன்ன கதை இது. போன திங்கட்கிழமை காலையில் தேவகனியை நாசரேத்தில் அவள் அப்பா வீட்டில் விடுவதற்காகத் தன் வேகனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினானாம். கிளம்பும்போதே சண்டை. முன்னால் வந்து உட்காரச் சொன்னால் கேட்காமல், சேலையை முகம் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு பின்சீட்டில் படுத்துவிட்டாளாம். ஏரல் பஸ் நிலையத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாளாம். அவன் காயல்பட்டணத்துக்குப் போய் ஒரு சாமானை இறக்கிவிட்டு வீடு திரும்பினானாம்.

அதே திங்கட்கிழமைதான் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் தேவதாசன் துபாய் வேலைக்காகப் பம்பாய்க்கு ரயிலேறினான். போதாதா? ஊர் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது. சபைக் கமிட்டி கூடி முடிவும் எடுத்தாயிற்று. இன்று ஒன்பது மணி ஆராதனையில் ஐயர், எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை அப்படித்தான் சொல்வார்கள், பீடத்தில் நின்று தேவகனியின் பெயரை வாசிப்பார். துன்மார்க்கத்தில் போனபடியால் சபையை விட்டு நீக்கப்பட்டாள் என்று எல்லோர் காதிலும் விழும். செத்தவரை அடக்கம் பண்ணக்கூட இவ்வளவு அவசரப்பட மாட்டார்கள். கமிட்டியில் பாதிப் பேர் பொன்னுதுரையின் கருவாட்டுக் கம்பெனியை நம்பிப் பிழைக்கிறவர்கள். கருவாடு விற்ற காசு நாறவா செய்யும்?

ஜெயபாய் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேரை வாசிக்கதுக்கு முந்தி எங்க அக்காவைக் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க. வாசிச்சாச்சுன்னா, பொறவு அவ உயிரோட வந்து நின்னாலும் ஒரு வீட்டுல ஏத்த மாட்டாங்க."

அவர்கள் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நாசரேத்திலிருந்து வந்து மருமகன் வீட்டில்தான் தங்கியிருந்தார். வெளியே வந்து எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தனக்கு இனிமேல் ஒரே மகள்தான் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாராம். பெற்ற வயிறுதான் பற்றி எரியும் என்பார்கள். இந்த அப்பனுக்குக் காப்பி சூடு ஆறாமல் இருந்தால் போதும்.

பொன்னுதுரை எங்களுக்குச் செய்த உபசாரம்தான் என்னை மேலும் அருவருக்க வைத்தது. தன் வேகன் சாவியையே எடுத்து அக்கா கையில் கொடுத்தான். பெட்ரோல் விற்கிற விலையில் டாங்க் நிறைய ஊற்றியும் வைத்திருந்தான்.

"நல்லாத் தேடுங்கம்மா. ஏரல்ல சிவனாண்டி அண்ணாச்சி கடையில கேளுங்க, அவ பின்னால படுத்திருந்ததை அவரு பாத்தாரு. காயல்பட்டணத்துல மஹ்மூதுகிட்ட கேளுங்க, நான் தனியா வந்து இறங்குனதை அவரு சொல்லுவாரு."

அக்கா சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தாள். அழுகிறவன் இவ்வளவு தூரம் வழி சொல்லி அனுப்புகிறான் என்றால் நம்மை ஊரை விட்டு வெளியே அனுப்பப் பார்க்கிறான் என்று நான் மெதுவாகச் சொன்னேன். எனக்கும் மூளை இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? அக்கா, வண்டியை எடு என்றாள்.

இனி அந்த வேகனைப் பற்றி நாலு வார்த்தை. காருக்கும் லாரிக்கும் பிறந்த பிள்ளை அது. முன்பாதியைப் பார்த்தால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற கார். பின்பாதியில் டிக்கி கிடையாது. கூரை அப்படியே நீண்டு போய், கடைசியில் கண்ணாடி வைத்த கதவோடு முடியும். பின்சீட்டு நிமிர்ந்திருந்தால் ஒரு குடும்பம் போகலாம், அதற்குப் பின்னால் நாலு பெட்டி அடுக்கலாம். சீட்டின் முதுகை மடக்கிப் படுக்க வைத்தால் முன்சீட்டிலிருந்து பின்கதவு வரை ஒரே பலகைத் தளம், கட்டிலைக்கூட ஏற்றலாம். வியாபாரிக்கு வாய்த்த வண்டிதான். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. காரில் டிக்கிக்கும் ஆட்களுக்கும் நடுவில் தடுப்பு இருக்கும், இதில் இல்லை. பின்னால் ஏற்றினதை முன்னால் இருக்கிறவர் மோந்துகொண்டேதான் போக வேண்டும்.

அந்த வண்டி நாறியது. சாதாரண நாற்றம் இல்லை. நான் திரேஸ்புரத்தில் பிறந்தவன், கருவாட்டு வாடையில் சோறு தின்று வளர்ந்தவன். கருவாடு உப்பும் வெயிலும் சேர்ந்து மணக்கும். பழகினவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். இது அழுகல். பலகை இடுக்கில் பிசுபிசுவென்று என்னவோ ஊறி, ஈ மொய்த்துக் கிடந்தது. மூன்று பேரும் முன்சீட்டிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கண்ணாடியை இறக்கிவிட்டும் பயனில்லை. முக்காணி வரைக்கும் நான் புலம்பிக்கொண்டே ஓட்டினேன். கருவாட்டு முதலாளி வண்டியில் கருவாட்டு நாற்றம் இருக்கலாம், பிண நாற்றம் எதற்கு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஜெயபாய் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

ஏரலில் சந்தைக்குப் போகிற வழியில் சிவனாண்டி அண்ணாச்சியின் வெற்றிலை பாக்குக் கடை. நேர்மையான மனிதர். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுகிறவர். திங்கட்கிழமை பொன்னுதுரை வண்டியைக் கடைக்கு முன்னால் நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்தபடியே வாழைப்பழம் கேட்டானாம். இவர் கொண்டுபோய்க் கொடுத்தபோது பின்னால் நீலப் பட்டுச் சேலை மூடி யாரோ படுத்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்ததாம். சம்சாரத்துக்கு உடம்புக்கு முடியலையா என்று கேட்டதற்கு, கோபம் அண்ணாச்சி என்று பொன்னுதுரை சிரித்தானாம்.

நீலப் பட்டு என்றதும் ஜெயபாய் முகம் மாறியது. அது அவள் முதல் சம்பளத்தில் அக்காளுக்கு எடுத்துக் கொடுத்த சேலையாம்.

அக்கா பின்கண்ணாடி வழியாக வண்டிக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்து, பின்சீட்டில் ஏறிப் படு என்றாள்.

சொன்னால் செய்ய வேண்டியதுதானே. கதவைத் திறந்து ஏறி, ஒரு கதவுப் பக்கம் தலையும் மறு கதவுப் பக்கம் காலுமாக, முழங்காலை மடக்கிப் படுத்தேன். சீட்டின் துணியில் இருந்த ஈரம் சட்டையில் ஒட்டியது. நேற்றுத்தான் வெளுத்து வந்த சட்டை.

"இப்பிடியா அண்ணாச்சி படுத்திருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. இவரு குறுக்க படுத்திருக்காரு. அவங்க நீளவாக்குல கிடந்தாங்க. தலை டிரைவர் முதுகுக்குப் பின்னால, காலு அந்தக் கடைசிக் கண்ணாடிகிட்ட."

"பின்கதவு?"

"சாத்தித்தான் இருந்துச்சு."

அக்கா என்னைக் கீழே இறக்கினாள். சீட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த கொக்கியைத் தட்டினாள். முதுகு மடங்கி விழுந்தது. இப்போது பின்னால் சீட்டு என்றே ஒன்று இல்லை. முன்சீட்டிலிருந்து பின்கதவு வரை வெறும் தளம். மறுபடி என்னை அதில் படுக்கச் சொன்னாள். இந்தத் தடவை எனக்குப் படுக்கை அந்தப் பிசுபிசுப்பின் மேல். அண்ணாச்சி பார்த்துவிட்டு, அப்படியேதான் என்றார்.

எழுந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பின்சீட்டில் படுத்தாள் என்கிறான் புருஷன். பின்சீட்டில் படுக்கிறவர் குறுக்கேதான் படுக்க முடியும். நீளவாக்கில் படுத்திருந்தது உண்மையானால் சீட்டை முன்கூட்டியே மடக்கிப் போட்டிருக்கிறான். கோபித்துக்கொண்டு ஏறுகிற பெண்டாட்டிக்காக எவன் சீட்டை மடக்குவான்? சீட்டை மடக்குவது சரக்கு ஏற்றுவதற்குத்தான். உயிருள்ளவளை யாரும் சரக்குப் போல ஏற்ற மாட்டார்கள்.

இதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஜெயபாய் டீச்சர் அல்லவா? அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ எங்க அக்கா செத்துட்டாளா?"

ஆக்னஸ் அக்கா அவளைப் பிடித்து வண்டியில் உட்கார வைத்தாள். இன்னும் ஒரு வீடு இருக்கிறது, அதற்குள் யாரையும் சாகடிக்க வேண்டாம் என்றாள்.

காயல்பட்டணத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மஹ்மூது காக்காவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர், சொந்தமாக லாஞ்ச் என்கிற விசைப்படகும் வைத்திருக்கிறார். முற்றத்துச் சுவரோரம் அந்தச் சாமான் கிடந்தது. லாஞ்சின் ஷாப்ட். எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இருக்கிற விசிறி வரைக்கும் போகிற கனத்த இரும்புத் தண்டு, ஆள் உயரத்துக்கு மேல் நீளம். தூத்துக்குடிப் பட்டறையில் கடைசல் பிடித்ததைப் பொன்னுதுரைதான் திங்கட்கிழமை தன் வேகனில் கொண்டுவந்து இறக்கினானாம். தனியாகத்தான் வந்தானாம். வண்டியில் வேறு யாரும் இல்லையாம்.

அக்கா மஹ்மூது காக்காவிடம் அனுமதி கேட்டு, அந்தத் தண்டைத் தூக்கி வேகனுக்குள் வைக்கச் சொன்னாள். நானும் காக்காவும் அவர் ஆள் ஒருத்தனும் சேர்ந்து தூக்கினோம். சீட்டு நிமிர்ந்திருந்தபோது தண்டு பாதிதான் உள்ளே போனது, மீதி தெருவில் நின்றது. சீட்டை மடக்கினதும் டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கடைசிக் கண்ணாடி வரை சரியாக நீட்டிப் படுத்துக்கொண்டது. பின்கதவும் சாத்தியது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்காருவதற்கு அங்கே சீட்டும் இல்லை, இடமும் இல்லை.

"ஷாப்ட் மேல என்ன சுத்தியிருந்துச்சு காக்கா?" என்று அக்கா கேட்டாள்.

மஹ்மூது காக்கா பதில் சொல்லுவதற்கு முன் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ருகையா பேசினாள். மரையில் மண் படாமல் இருக்க ஒரு முனையில் சாக்கைச் சுற்றிக் கட்டுவது வழக்கம்தான், அது சரி. ஆனால் கிரீஸ் பூசின இரும்புக்கு மேல் பட்டுச் சேலையை யாராவது போர்த்துவார்களா, அந்த முதலாளி வீட்டில் பெண்கள் கேட்க மாட்டார்களா என்று அவளுக்கு ஒரே ஆற்றாமை. சீயக்காய் போட்டு மூன்று தரம் அலசிப் பார்த்தாளாம், கறை போகவில்லையாம். கொடுத்தனுப்பலாம் என்று மடித்து வைத்திருக்கிறாளாம். ஒரு கை மட்டும் கதவிடுக்கில் நீண்டது. நீலப் பட்டுச் சேலை.

ஜெயபாய் அதை வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த அழுகையில் பாதி நிம்மதி. சிவனாண்டி அண்ணாச்சி பார்த்தது ஒரு பிணத்தை இல்லை. சாக்குத் தலையும் சேலைப் போர்வையுமாக ஒரு இரும்புத் தண்டை. அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்த அயோக்கியன் கடை வாசலில் நிறுத்திப் பழம் வாங்கியிருக்கிறான். வாழ்க்கையில் ஒரு நாளாவது அந்த வண்டியில் தன் கையால் சரக்கு ஏற்றியிருந்தால், சீட்டை மடக்கினால் பின்சீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தெரிந்திருக்கும். ஏற்றுகிறவன் கூலியாள், இறக்குகிறவன் கூலியாள். தண்டோடு சேலையும் இறங்கிப் போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளிக்கு ஸ்டியரிங் மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் தேவகனி எங்கே? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மஹ்மூது காக்கா எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, பொன்னுதுரையிடம் ஒரு தகவல் சொல்ல முடியுமா என்று கேட்டார். இந்த வாரம் வர வேண்டிய சுறாக் கருவாடு வரவில்லை. கேட்டு ஆள் அனுப்பினதற்கு, உப்பு கிடைக்கவில்லை, அதனால் மீனுக்கு உப்புப் போட்டுச் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்னானாம்.

ஆக்னஸ் அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏலே வெள்ளத்துரை, தூத்துக்குடியில உப்பு இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது. எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போகும், அரிசி இல்லாமல் போகும். ஊரைச் சுற்றி அம்பாரம் அம்பாரமாக உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடி வைத்திருக்கிற இடத்தில் உப்பு இல்லை என்று ஒரு கருவாட்டு வியாபாரி சொல்லுகிறான்.

திரும்பி வரும் வழியில் அக்கா விளக்கினாள். தேவகனி வண்டியில் ஏறவே இல்லை, ஆகவே ஊரைத் தாண்டவில்லை. வீட்டில் மாமனாரை உட்கார வைத்திருக்கிறான், அங்கே ஒளிக்க முடியாது. மீதி இருப்பது கடற்கரைக் கிட்டங்கி. உப்புப் போடாமல் விட்ட மீன் ஒரே நாளில் அழுகும். எந்த வியாபாரியும் தன் சரக்கு அழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான், அந்த நாற்றத்தால் அவனுக்கு ஆதாயம் இருந்தால் ஒழிய.

"காலையில இருந்து புலம்பினியே, இது கருவாடு இல்ல, அழுகல்னு. தினமும் இந்த வண்டியிலதான் அவன் கிட்டங்கிக்குப் போயிட்டு வாரான், அங்க உள்ள அழுகல்தான் இதுல ஒட்டி வந்திருக்கு. உன் மூக்கு சொன்னதை நான்தான் கேக்கல."

அக்கா என்னைப் பாராட்டுவது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். அதுவும் இப்படி ஒரு நாற்றத்தின் நடுவில்தான் எனக்கு வாய்க்க வேண்டுமா?

கிட்டங்கி உப்பளங்களைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் இருந்தது. தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு நான் வாந்தி எடுத்தேன், சொல்ல வெட்கமில்லை. வெளித் தொட்டிகளில் சுறாவும் திருக்கையும் வீங்கி வெடித்துக் கிடந்தன. புழு நெளிந்து தொட்டி விளிம்பு வரை ஏறியிருந்தது. காக்கைகூட ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கமாகப் போகிற மீனவன் எவனும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பான். உள்ளேயிருந்து யார் கத்தினாலும் அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஒரு மனுஷியை அடைத்து வைக்க இந்தப் பாவி கட்டின சுவர் இதுதான்.

கதவுக் கொண்டியில் பூட்டு. வேகனில் இருந்த ஜாக்கிக் கம்பியை உள்ளே கொடுத்து நெம்பினேன். மூன்றாவது நெம்பில் கொண்டி பிய்ந்து வந்தது. உள்ளே இன்னொரு கதவு, வெளியே தாழ்ப்பாள். அதைத் திறந்தால் கூரை வரைக்கும் உப்பு மூட்டை. உப்பே இல்லாத கிட்டங்கியில் உப்பு மூட்டை.

மூட்டைகளின் நடுவில் தேவகனி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குடம், காய்ந்த ரொட்டி. உப்பில் உரசி முழங்கையும் காலும் புண்ணாகியிருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு, யாரு என்று கேட்டாள். தங்கச்சி குரலைக் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்து விழுந்தாள். ஜெயபாய் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ஜெயபாய் மூக்கைப் பொத்தவில்லை. நான் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டேன்.

அவன் அவளை அடிக்கவில்லையாம். கொல்லப் போவதாகவும் சொல்லவில்லையாம். தினமும் வந்து குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுவானாம். அதை அவள் அப்படியே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை உன் பேரை வாசிக்கட்டும், அன்னைக்குச் சாயந்திரமே கதவைத் தொறந்து விட்டுருதேன், எங்கன வேணும்னாலும் போ, எவன்கிட்ட வேணும்னாலும் சொல்லு, ஒருத்தனும் நம்ப மாட்டான்னு சொன்னாரு."

எனக்கு மீன் நாற்றம் மறந்துபோயிற்று. அவனுக்கு மதுரைப் பக்கம் வேறு ஒரு சம்பந்தம் பேசி வைத்திருக்கிறார்களாம், பெரிய இடம். கட்டினவளை விலக்கக் கோர்ட்டுக்குப் போனால், அவள் ஒழுக்கம் கெட்டவள் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு சபையே சாட்சி என்றால் எவ்வளவு வசதி. கொலைகாரனிடம்கூட ஒரு பயம் இருக்கும். இவன் ஆர்மோனியக்காரன் ரயிலேறுகிற நாளாகப் பார்த்து, ரத்தம் சிந்தாமல், கையில் கறை படாமல், ஐயர் வாயாலேயே ஒருத்தியைக் கொன்று, பிற்பாடு கதவைத் திறந்துவிடத் திட்டம் போட்டவன். தூ.

ஜெயபாய் கையில் துவைத்த நீலச் சேலை இருந்தது. போகிற வழியில் எங்கள் அறையில் குளித்து, அதை மாற்றிக்கொண்டு போகலாம் என்றாள். தேவகனி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"குளிச்சு, பட்டு உடுத்திக்கிட்டுப் போய் நின்னா, நான் எங்கன இருந்து வாரேன்னு யாரு நம்புவா? இப்பிடியே கூட்டிக்கிட்டுப் போங்க."

ஆக்னஸ் அக்கா பின்சீட்டை நிமிர்த்தினாள். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நான் ஓட்டின ஓட்டத்தில் வண்டியின் ஒரு சக்கரம் ரோட்டிலேயே இல்லை.

கோயிலில் பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டும் முடிந்திருந்தது. ஐயர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சபைக்கு ஒரு துக்கமான அறிவிப்பு என்று தொடங்கினபோது நாங்கள் வாசலில் ஏறினோம். முன்வரிசையில் பொன்னுதுரை தலையைக் குனிந்து, கைக்குட்டையைக் கண்ணில் வைத்திருந்தான். பக்கத்தில் மாமனார். அக்கா என்னைப் பக்கத்து வாசலில் போய் நிற்கச் சொன்னாள். தான் பெரிய வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

தேவகனி நடுவே நடந்தாள். தங்கச்சி பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்றம் நடந்து போனது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. வரிசை வரிசையாகக் கைக்குட்டையும் முந்தானையும் மூக்குக்கு ஏறின. ஐயர் நிறுத்திவிட்டார்.

பொன்னுதுரையின் முகத்தை அப்போது நான் நன்றாகப் பார்த்தேன். வாசனைத் தைலமும் வியர்வையும் சேர்ந்து கன்னத்தில் வழிந்தது. எழுந்து பக்கத்து வாசலுக்கு வந்தான். நான் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். தேவகனி பைத்தியம் பிடித்து எங்கெங்கோ திரிந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான். நாலைந்து தலைகள் ஆடவும் செய்தன. அந்தத் தலைகள் எனக்கு என்றைக்கும் மறக்காது.

தலைமையாசிரியர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். மகளை ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறார். முதல் வார்த்தையாக அவர் கேட்டது இதுதான்.

"குளிச்சுட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?"

தேவகனி அவரைப் பார்த்தாள். குரல் கம்மிப் போயிருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"மூக்கைப் பொத்தாதீங்கப்பா. இது எம்மேல உள்ள நாத்தம் இல்ல. உங்க மருமவன் கிட்டங்கி நாத்தம்."

பின்னால் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி எழுந்தாள். ரோஸ் என்று பெயராம், பொன்னுதுரை கிட்டங்கியில் மீன் கீறுகிறவள். அவள் மூக்கைப் பொத்தவில்லை. நேராக நடந்து வந்து தேவகனியின் தோளில் முகத்தை வைத்து மோந்தாள். பிறகு அவள் முழங்கைப் புண்ணில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அழுகின சுறா. அதுக்கு மேல உப்பு" என்றாள். "உப்பு இல்லன்னு சொல்லித்தானே எங்களை வீட்டுக்கு அனுப்புனாரு?"

அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தேவகனியைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் பொன்னுதுரை இருந்த வரிசையைப் பார்த்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

தேவகனி பீடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இப்போ வாசிங்க ஐயரே. யாரு பேரை வாசிக்கணும்னு இவங்க சொல்லுவாங்க."